தூசிக் கிரகத்தில் அண்ணியின் குரல்

என் அண்ணி எதையும் இரண்டு தடவை சொல்வார். "சாப்பாடு ரெடி. சாப்பாடு ரெடி." "ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதீங்க. ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதீங்க." முதல் தடவைக்கு என் அண்ணன் அசைய மாட்டான், இரண்டாவது தடவைக்குத்தான் எழுந்திருப்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரே அப்படித்தான் பழகிக் கிடக்கிறது.

அண்ணி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடிப்படிக்குக் கீழே, கழிப்பறைக்கும் தொலைந்த பொருள்கள் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறதே, அதற்குள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் டிங் டாங் டிங் என்று மணி அடிக்கும். அண்ணி மூச்சை இழுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, முழுதாக ஒரு தடவை சொல்லி, மறுபடி முழுதாக ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பார். இரண்டாவது அறிவிப்பு முடியாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கக் கூடாது. அது நிலையத்தின் சட்டம்.

"எதுக்கு அண்ணி ரெண்டு தடவை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மொதல் தடவை தூங்கறவங்க முழிக்க. ரெண்டாவது தடவை முழிச்சவங்க ஓட," என்றார். கேட்டது என் தப்புதான் என்பதுபோல அதையும் இன்னொரு தடவை சொன்னார்.

குரல் ஊருக்கே தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் அனிச்சையாகப் பையைத் தூக்கித் தோளில் மாட்டுவார்கள். அண்ணன் ஒலிபெருக்கி சரிசெய்யும் எலக்ட்ரீசியன். வயர் மாற்றப் போனவன் குரலில் விழுந்து, மூன்று வருடம் நல்லாயிருந்த ஒலிபெருக்கிகளையே திரும்பத் திரும்பச் சரிசெய்து, கடைசியில் அந்தக் குரலையே வீட்டுக்குக் கூட்டிவந்தான். வந்த இடத்தில்தான் சிக்கல். என் அப்பாவுக்கு அந்தக் குரல் ஆகாது.

அப்பா முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். நேரம் தவறாமைக்காகப் போக்குவரத்துக் கழகம் கொடுத்த மூன்று கேடயங்கள் எங்கள் கூடத்தில் தொங்குகின்றன, மூன்றிலும் தினமும் தூசி தட்டுவார். அந்த முப்பத்தாறு வருடத்தில் ஒரே ஒரு நாள் வண்டி தாமதமாக வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "நூற்றுப் பன்னிரண்டாம் எண் பேருந்து பதினேழு நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்துள்ளது" என்று கூண்டிலிருந்து குரல் வந்தது. வழக்கம்போல இரண்டு தடவை. மற்ற டிரைவர்கள் கைதட்டினார்களாம். பதினெட்டைத் தாண்டியிருந்தால் மெமோ வந்திருக்கும், ஒரு நிமிடத்தில் தப்பித்தார். ஆனால் மானம் போயிற்றே, அதற்கு யார் மெமோ கொடுப்பது?

"ரேடியேட்டர் சூடாகிடுச்சு. தண்ணி ஊத்தி ஆற வெச்சேன். அதைப் போய் மைக்குல சொல்லணுமா? அதுவும் ரெண்டு தடவை!" இந்த வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மருமகளாக வரப்போகிறவர் முதல் நாள் வாசலிலேயே, "வணக்கம் மாமா. வணக்கம் மாமா," என்றார். அப்பாவுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. கல்யாணத்தைத் தடுக்கவில்லை, அந்த அளவுக்குக் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பதினோரு வருடமாக அண்ணியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எது வேண்டுமானாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கேட்பார். "இந்த வீட்டுல டீ கிடைக்குமான்னு தெரியல." அண்ணியும் கடிகாரத்துக்கே பதில் சொல்வார். "அஞ்சு நிமிஷத்துல வரும். அஞ்சு நிமிஷத்துல வரும்." அந்தக் கடிகாரத்துக்கு வாய் இருந்தால் என்னை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேருமே பேசிக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்டுடியோக்காரர் வந்து சேர்ந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர். ஒரு கேமராவும் நிறையக் கனவும் வைத்திருந்தார். குதிரை, துப்பாக்கி, ராக்கெட் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். படத்தின் பெயர் 'தூசிக் கிரகத்துத் துப்பாக்கி'. எங்கோ ஒரு கிரகத்தில் ஊரைக் காக்கும் ஷெரீப் ஒருவர் இருக்கிறார். அங்கே விண்கலத்தில் வந்து மாடு திருடுகிறார்கள். ஷெரீப் குதிரையில் ஏறி விண்கலத்தைத் துரத்துகிறார். குதிரை எப்படி விண்கலத்தைப் பிடிக்கும் என்று கேட்டேன். "அதான் தம்பி சயின்ஸ்," என்றார்.

படம் எடுத்த அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். விண்கலம் என்பது கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, படுக்கப் போட்டது. வில்லன் ஒரு பல் டாக்டர். அவருக்கு நடிப்பு வரும் என்பதற்காக இல்லை, அவரிடம் சாய்கிற நாற்காலி இருந்தது, விண்கலத் தலைவனுக்கு அதுதான் இருக்கை. கிளினிக் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விண்வெளிக் காட்சிகள். உற்றுப் பார்த்தால் தலைவன் பக்கத்தில் வாய் கொப்பளித்துத் துப்புகிற கிண்ணம் தெரியும். ஷெரீப்பாக நடித்த ஜிம் மாஸ்டருக்குக் குதிரை என்றால் பயம். அதனால் துரத்தல் காட்சிகளில் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே வேகமாக நடப்பார். மாடு வாடகைக்குக் கிடைக்கவில்லை. மாடுகள் குன்றுக்கு அந்தப் பக்கம் நிற்பதாகப் படம் முழுக்க யாராவது ஒருவர் கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். நானும் நடித்திருக்கிறேன். மூன்றாவது பிணம். நடுவில் தும்மிவிட்டேன், ஆனால் அதை வெட்ட ஸ்டுடியோக்காரருக்கு மனமில்லை.

விண்கலம் பேச வேண்டும், அதற்கு ஒரு குரல் வேண்டும் என்று அண்ணியிடம் வந்தார். அவரிடம் நல்ல மைக் இல்லை என்பதால் கூண்டிலேயே பதிவு. நான் கூடவே போனேன். அண்ணி காகிதத்தைப் பார்த்தார், பொத்தானைத் தேடினார். ஒலிபெருக்கியை அணைத்திருந்ததால் பொத்தானுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அதை அமுக்காமல் அண்ணிக்குக் குரல் வரவில்லை. அமுக்கினார், கூண்டுக்குள் மட்டும் டிங் டாங் டிங்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. விண்கலம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படத் தயாராக உள்ளது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

"அக்கா, அக்கா! விண்கலத்துல பயணிங்க யாரும் இல்ல. திருடனுங்கதான். ஒரு தடவை சொன்னா போதும்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"திருடனா இருந்தாலும் ரெண்டு தடவை சொல்லணும்ங்க. பாதியில ஏறி விழுந்தா யாரு பொறுப்பு?"

எட்டு முறை எடுத்தார்கள். எட்டு முறையும் அண்ணி இரண்டு தடவைதான் சொன்னார். ஸ்டுடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, மீதியை நானே வெட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி திடீரென்று நின்றார். "தம்பி, எனக்கு இந்தப் படம் ஓடணும்னு எல்லாம் ஆசை இல்ல. மாமா ஒரு தடவை வந்து பாக்கணும். என் குரலைக் கேட்டுட்டு என் முகத்தைப் பாத்து ஏதாவது சொல்லணும். திட்டினாக்கூடப் போதும். கடிகாரத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு."

இதை அவர் ஒரே தடவைதான் சொன்னார்.

அப்பா சினிமாவுக்குப் போகிறவர் இல்லை. எப்படி இழுப்பது என்று நானும் அண்ணனும் மூளையைக் கசக்கினோம். கடைசியில் அண்ணி குரல் கொடுத்ததைச் சொல்லாமல் போஸ்டரை மட்டும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். அப்பா குதிரையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். "எத்தனை மணிக்கு?" என்று கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்கே ஆச்சரியம்தான்.

ஞாயிறு காலைக் காட்சி. தியேட்டர் பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கூட்டம் காட்ட வேண்டும் என்பதற்காக வண்டிக்குக் காத்திருந்தவர்களை எல்லாம் இலவசமாக உள்ளே விட்டிருந்தார். மடியில் பை, காலடியில் பெட்டி, ஒருவர் கையில் சுருட்டிய பாய்கூட இருந்தது. நான், பக்கத்தில் அப்பா, அந்தப் பக்கம் அண்ணன். அண்ணி மட்டும் எங்களுக்குப் பின் வரிசையில் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடத்தில் முதல் குறட்டை கேட்டது. அரை மணியில் அது கச்சேரியாகிவிட்டது. ஷெரீப் குதிரையோடு நடந்தார். இன்னும் நடந்தார். குன்றைக் காட்டி ஒருவர் மாடு மாடு என்று கத்தினார். மூன்றாவது பிணம் தும்மியபோது ஒரே ஒரு ஆள் சிரித்தார், அவரும் கொட்டாவியில் முடித்தார். அப்பாவின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. பின்னால் திரும்பினேன். அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் இருட்டில், நான்கு மூலைகளிலிருந்தும், டிங் டாங் டிங்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. விண்கலம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படத் தயாராக உள்ளது."

தியேட்டரே எழுந்தது. பொய் சொல்லவில்லை, நூற்றைம்பது பேர் ஒரே நொடியில் எழுந்தார்கள். பையைத் தேடினார்கள், செருப்பைத் தேடினார்கள், ஒருவர் பக்கத்துக்காரரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "எந்த பிளாட்பாரம்?" என்று ஒரு அம்மா திரையைப் பார்த்துக் கேட்டார். என் முழங்காலில் சுளீரென்று வலித்தது. கண் திறக்காமலேயே அப்பா அதைப் பிடித்து முதல் கியர் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நொடி கண்ணைத் திறந்து துள்ளி எழுந்தார். "ஏய், நில்லுங்கய்யா! எங்க ஓடறீங்க?" முப்பத்தாறு வருடம் பஸ்ஸுக்குள் கத்திய குரல், தியேட்டரே அதிர்ந்தது. "இன்னும் ஒரு தடவைதானே சொல்லியிருக்கு! அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை சொல்லாம வண்டி எடுக்க மாட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் தப்பாச் சொன்னதில்ல அது. எல்லாரும் உக்காருங்க!"

ஓடியவர்கள் நின்றார்கள். எல்லோரும் திரையைப் பார்த்தபடி இரண்டாவது அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள். படம் முழுவதிலும் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த இடம் அது ஒன்றுதான். ஆனால் இரண்டாவது அறிவிப்பு வரவில்லை. தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து புகை வந்தது, விண்கலம் கிளம்பிவிட்டது.

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. விடுவிடுவென்று வெளியே போனார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். ஸ்டுடியோக்காரர் வெளி வாசலில் போஸ்டரோடு போஸ்டராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"யோவ், ரெண்டாவது அறிவிப்பு எங்கய்யா?"

"வெட்டிட்டேன் சார். படம் நீளமா இருக்குன்னு..."

"குதிரையைப் பிடிச்சிக்கிட்டு அவன் ஒரு மணி நேரம் நடக்கறான், அதை வெட்டல. அந்தப் பொண்ணு சொன்னதை வெட்டிட்டியா? அறிவிப்பு முடியாம வண்டி எடுத்தா ஜனங்க விழுவாங்களா இல்லையா? யாரைக் கேட்டு வெட்டினே?"

"சார், உங்களுக்குப் படம் பிடிக்கலையா?"

"படமா? எத்தனை குதிரைப் படம் பாத்தவன் நான்! இதையெல்லாம்..." என்று சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் அப்பாவா? குதிரைப் படமா?

அண்ணி கதவருகே நின்றிருந்தார். அப்பா திரும்பினார். பழக்க தோஷம், முதலில் டிக்கெட் கவுன்டருக்கு மேலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தார். அது ஓடவில்லை. அதனிடம் பேசிப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். மெதுவாகக் கண்ணை இறக்கி, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு ரேடியேட்டர் எல்லாம் ஒண்ணும் சூடாகலம்மா," என்றார். "வழியில டீக்கடை டிவியில குதிரைப் படம் ஓடிட்டிருந்துச்சு. கடைசிச் சண்டை. ஒரே நிமிஷம்னு நிறுத்தினேன். வண்டியில இருந்த அம்பது பேரும் இறங்கிப் பாத்தாங்க, அதான் ஒருத்தரும் புகார் குடுக்கல. நான் லேட்டுதான். நீ சொன்னது சரிதான்."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

"ஆனா ஒண்ணு," என்றார் அப்பா, பழைய முறைப்பு கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. "என் வாட்ச்படி பத்தொம்பது நிமிஷம். நீ பதினேழுன்னு சொன்னே. உன் கூண்டுக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஸ்லோ. அதை மொதல்ல மாத்தச் சொல்லு."

"கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சு மாமா," என்றார் அண்ணி. "பதினெட்டு தாண்டினா உங்களுக்கு மெமோ வரும்னு ரெண்டு நிமிஷம் நான்தான் குறைச்சுச் சொன்னேன்."

கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு. நல்லாயிருந்த ஒலிபெருக்கிகளை அண்ணன் சரிசெய்துகொண்டிருந்த காலம். அண்ணன் போஸ்டரில் இருந்த குதிரையின் வாலை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தான். உள்ளே குதிரை இன்னும் நடந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னே?" என்றார் அப்பா. "இன்னொரு தடவை சொல்லும்மா."

அண்ணி மூச்சை இழுத்து, முழுதாக, இரண்டாவது தடவையும் சொன்னார்.