மார்கழியில் போட்ட கையெழுத்து

என் மனைவி கனடாவில் நர்ஸ். நான் மதுரையில் சும்மா இருக்கிறேன். என்னைத் தன் கணவன் என்று காட்டி, அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு கூப்பிட்டுக்கொள்ள அவள் விண்ணப்பம் போட்டாள். நிராகரித்துவிட்டார்கள். யார் மேல் பழி போடலாம் என்று எத்தனையோ முறை சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் அவசரத்தில்தான் வந்து நிற்கிறது.

பெரியவர்கள் பார்த்துப் பேசிய சம்பந்தம். அவள் ஒரு மாத லீவில் வந்திருந்தபோது, கார்த்திகைக் கடைசியில் நிச்சயம் முடிந்தது. இரண்டே நாளில் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. தை வரைக்கும் அவளுக்கு லீவு இல்லை. ‘பேப்பர் வேலைதான் இழுக்கும், முதலில் பதிவு செய்துவிடலாம், தாலியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்’ என்று யோசனை சொன்னவன் நான். நாலு வீடியோ பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசினேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. “மார்கழி மாசத்துல எவனாச்சும் பொண்ணக் கட்டிக் குடுப்பானா?”

மாமனார்தான் வழி சொன்னார். “ஏய், இது கல்யாணம் இல்லடி. வெறுங் கையெழுத்து. பேங்க்குல போடுறோம்ல, அது மாதிரி.”

பதிவு அலுவலக வாசலில் இருந்த பத்திர எழுத்தர், “மாலை மாத்துன போட்டோ ஒண்ணு வேணும்ணே” என்றார். மாமனார் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு மாலை வாங்கி வந்தார். “போட்டோவுக்குத்தான் மாப்ள. எடுத்ததும் கழட்டிரணும்.” எடுத்ததும் கழற்றினோம். மாமியார் அவற்றை வாங்கி, அங்கே நின்ற யாருடைய ஸ்கூட்டர் மேலோ போட்டுவிட்டார். வண்டிக்காரர் வந்து பார்த்து, “எவம்ப்பா என் வண்டிக்குக் கல்யாணம் பண்ணி வச்சது?” என்றார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சாயங்காலம் அவள் அவளுடைய வீட்டுக்குப் போனாள், நான் என் வீட்டுக்கு வந்தேன். சான்றிதழில் திருமண நாள் என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது. அதை யாரும் ஒரு தேதியாகவே நினைக்கவில்லை.

அவள் திரும்பிப் போய்விட்டாள். என்னைப் பார்ப்பதற்கு முன்பே நிரந்தர உரிமைக்குத் தனக்காக எழுதிப் போட்டிருந்தாள். அது மாசியில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. விவரங்களை ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லியிருந்தார்கள். வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிட்டாள். அங்கே காலை, இங்கே சாயங்காலம். அப்போது நான் பசுமலையில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியர். பள்ளி விட்டு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பைக் மேல் உட்கார்ந்திருந்தேன்.

“ஏங்க, கல்யாணம் ஆயிருச்சா இல்லையான்னு கேட்டிருக்காங்க. என்ன போட?”

“ஆகலைன்னு போடு. இன்னும் தாலி கட்டலேல்ல.”

“ரிஜிஸ்டர் பண்ணிருக்கோமே?”

“அத இப்பச் சொன்னா மறுபடி மொதல்லருந்து இழுப்பாய்ங்க. வைகாசில கட்டிட்டுச் சொல்லிக்கிருவோம்.”

“நல்லாத் தெரியுமா உங்களுக்கு?”

“அட, தெரியும்ங்கிறேன்ல.”

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பொய் சொல்கிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். பத்திரிகைகூட அடிக்கவில்லையே.

பங்குனியில் அவளுக்கு நிரந்தர உரிமை கிடைத்தது. வைகாசியில் வண்டியூர் பக்கம் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினேன். பதினெட்டு நாள் சேர்ந்து இருந்தோம். அவள் போனதும், என்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் ஸ்பான்சர் விண்ணப்பத்தை அவள் பெயரில் நானே நிரப்பினேன். ‘ஏஜென்ட் எதற்கு, எனக்கு இங்கிலீஷ் தெரியாதா?’ என்ற நினைப்பு. பத்திரிகை, ஆல்பம், நாங்கள் வாட்ஸ்அப்பில் பேசியது என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே பதிவுச் சான்றிதழை வைத்தேன். அனுப்பிய வாரமே வேலையை விட்டுவிட்டேன். பாதி வருஷத்தில் விட்டுப் போனால் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று பள்ளியில் சொன்னேன். உண்மையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடையில் கூட்டாளிகள், “என்ன மாப்ள, பனி அள்ள இங்கேருந்தே மம்பட்டி கொண்டு போறியா?” என்று கேட்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருஷம் போல ஆனது. தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது போனில் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். உங்கள் மனைவி நிரந்தர உரிமை பெறும் முன்பே உங்களைத் திருமணம் செய்திருந்தார், அதைத் தெரிவிக்கவில்லை, ஆகவே குடும்பத்தினர் என்ற முறையில் உங்களை அழைக்க முடியாது. அவ்வளவுதான். அவர்கள் எதையும் தோண்டித் துருவவில்லை. நானே தேதியை மேலே வைத்துக் கொடுத்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. அங்கே அவள் பார்த்த வக்கீல், அவளுடைய உரிமைக்கே ஆபத்து வரலாம் என்றிருக்கிறார். வேண்டுமென்றே மறைத்ததாக எடுத்துக்கொண்டால் அவளையும் அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மாமனார் வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை.

“மாப்ள, தப்பா எடுத்துக்கிராதீக. நாந்தான் அப்பிடிப் போடச் சொன்னேன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதணுமாம். எழுதிட்டா எம் மக பொழச்சுக்கிருவா.”

“எழுதுறேன் மாமா.”

“ஒங்க கதை என்னாகும்னு கேட்டேன். அத அப்புறம் பாக்கலாம்னுட்டாரு அந்த வக்கீலு.”

சாயங்காலம் அவளிடம், “பேசாம நீ இங்க வந்துரேன்” என்றேன்.

“ஏழு வருசமாச்சுங்க நான் இங்க வந்து” என்றாள். பிறகு, “உங்க மேல கோவமெல்லாம் இல்ல” என்றாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. எந்தத் தாளையும் ஒரே மூச்சில் நிரப்புகிறவன் நான். ‘அவள் இரண்டு முறை சந்தேகம் கேட்டாள், நான்தான் தெரியும் என்று சொன்னேன்’ என்ற வரியை எப்படி எழுதினாலும், நான் அவளுக்கு யாரோ மாதிரி இருந்தது. வக்கீலுக்கு அந்த வரிதான் பிடித்திருந்ததாம். இன்னும் அழுத்தமாக எழுதச் சொன்னார். எழுதினேன்.

போன மாதம் பதில் வந்தது. அவள் மேல் நடவடிக்கை இல்லை. அவள் அங்கேயே இருக்கலாம். என்னை அழைக்க மட்டும் முடியாது. போனில் அழுதாள், சிரித்தாள், வார்டில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள். எந்த நாளும் போனை வைக்கும் முன் ‘எப்பங்க வருவீங்க’ என்று கேட்பாள். அன்று கேட்கவில்லை.

“வச்சிரவா?” என்றாள்.

“வச்சிரு” என்றேன்.