பூஜை நாளில் ஓடிய ரம்பம்

கண்ணை மூடினால் முதலில் வருவது சத்தம்தான். முன்னால் போகும்போது ஒரு மெல்லிய மூச்சு, பின்னால் இழுக்கும்போது ஒரு நீளமான உறுமல். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறச் சந்தில், நான் இளவயதில் வேலை பார்த்த பட்டறையில் ஒரு பெரிய ரம்ப மெஷின் இருந்தது. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளம் இருக்கும். தொடை கனத்துக்கு ஓர் இரும்புத் தடியை அதன் பிடியில் இறுக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் போதும். ரம்பம் தன் பாரத்திலேயே இறங்கி இறங்கி, அவசரமே இல்லாமல் அறுத்துக்கொண்டிருக்கும்; அறுத்து முடிந்ததும் தானாக நின்றுவிடும். மேலே ஒரு சிறு குழாயிலிருந்து பால் நிறத்தில் எண்ணெய்த் தண்ணீர் சொட்டும். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் வந்து அந்தத் தண்ணீரில் விழும். பார்த்துக்கொண்டே நின்றால் நின்றபடியே தூங்கிவிடலாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் எனக்கு, பேச்சை எதிர்பார்க்காத அந்த மெஷின் நல்ல துணையாக இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மாமியின் வீடு. மாமி பெண் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மெஷின் ஓட ஆரம்பித்தால் மதிலுக்கு மேலே தலை தெரியும். “ஏம்ப்பா, நான் ஒரு சுருதி வெச்சா உன் மெஷின் ஒரு சுருதி வெக்கறது. கொழந்தைகள் எதைப் பிடிச்சுண்டு பாடும்?” என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். முதலாளிதான் பதில் சொல்வார். “அதையும் கிளாஸ்ல சேத்துக்கோங்க மாமி, நல்லா கத்துக்கும்.” மாமி திட்டிக்கொண்டே உள்ளே போவார். பிறகு மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மதிலை ஒட்டிய ஜன்னல் ஓரமாகப் படுத்தார். அதற்குப் பிறகு மாமியின் தலை மதிலுக்கு மேலே வரவே இல்லை. சண்டை போடவும் தெம்பில்லை போலும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் ஆயுத பூஜை அன்று மெஷினைத் துடைத்து, ரம்பத்தின் நெடுகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டிப் படையல் போட்டோம். பூஜை போட்ட கருவியை மறுநாள் காலை எடுத்து வைக்கும்வரை யாரும் தொடக்கூடாது. நான் பட்டறையிலேயே தங்கியிருந்ததால் என்னிடம் விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போனார். மத்தியானம் மதிலுக்கு மேலே மாமியின் தலை தெரிந்தது. அழுத முகம்.

“இன்னிக்கு மெஷின் ஓடாதோ?”

“பூஜைங்க மாமி.”

“தெரியும்ப்பா. எங்காத்துலயும் தம்புராவுக்குப் பூ வெச்சாச்சு. மாமாவுக்கு வலி. ராத்திரி பொட்டுத் தூக்கம் கெடையாது. மத்தியானம் உன் மெஷின் சத்தம் கேட்டாத்தான் கண்ணு சொருகும். இன்னிக்கு அதுவும் இல்லாம துடிக்கறார்.”

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். சாமி குற்றம் வேறு. ரம்பத்தைத் தூக்கி நிறுத்தி, எதையும் அறுக்காமல் வெறுமனே ஓட்டினால் குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. “என்னடீ இது, இரும்பே வெக்காம ஓட்டறான்! யாரை ஏமாத்தறான்?”

மாமி என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன். பிறகு ஒரு தடியை எடுத்துப் பிடியில் இறுக்கினேன். முதல் இழுப்பிலேயே சந்தனப் பொட்டு கரைந்தது. குங்குமம் பால் தண்ணீரோடு கலந்து ரோஜா நிறத்தில் இரும்பின் மேல் வழிந்தது. தடி முக்கால்வாசி அறுபட்டபோது மாமி மதிலுக்கு மேலே கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் காட்டினார்.

முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். “இன்னாடா இது? பூஜ போட்ட மெஷினு ஓடிக்கினு கீது!” மதிலைக் காட்டினேன். மாமி உதட்டில் விரலை வைத்து, அந்த விரலாலேயே ஜன்னலைக் காட்டினார். முதலாளி மாமியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து தடியைக் குனிந்து பார்த்தார். அறுபட இன்னும் விரல் கனம்கூட மீதி இல்லை. “வியுந்தா டமார்னு கேக்கும்டா நைனா,” என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, அறுபட்டு விழப்போகும் இரும்புத் துண்டுக்குக் கீழே கையைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

இப்போது அந்தப் பட்டறையும் மாமியின் வீடும் சேர்ந்து ஒரே அடுக்குமாடிக் கட்டடமாகிவிட்டன. நான் தி. நகரில் ஜன்னல் செய்யும் கடையில் இருக்கிறேன். இங்கே இருக்கும் மெஷின் கண் இமைப்பதற்குள் ஒரு கூச்சல் போட்டு அறுத்துவிடும். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். நல்ல மெஷின்தான். ஆனாலும் ஆயுத பூஜை அன்று கடையில் சாம்பிராணிப் புகை எழும்பும்போது நான் அந்தப் பட்டறையில்தான் நிற்கிறேன். துண்டு எங்கள் கைகளில் வந்து இறங்குகிறது. மெஷின் தானாக நிற்கிறது. ஜன்னலுக்குள்ளிருந்து மாமாவின் குறட்டை ஒரே சீராக வருகிறது. அப்போதுதான் அறுபட்ட இரும்பு வெதுவெதுப்பாக இருக்கிறது. அதைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமே என்று முதலாளியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, கையில் ஏந்திக்கொண்டு அப்படியே நிற்கிறோம்.