யானையின் பின்பக்கம்

மில்லுக்காரருக்கு ரகசியம் பேச வராது. இத்தனை வருஷமாக மாவு மில் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படியே பழகிவிட்டது. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று வீட்டுக்குள் மனைவியிடம் முணுமுணுத்தால், தெருக்கோடி சைக்கிள் கடைக்காரர் "அப்படியா?" என்பார். புருவத்திலும் காதோரத்திலும் எந்நேரமும் கோதுமை மாவு. மனுஷர் தங்கமானவர்தான். வாய் முன்னால் ஓடும், யோசனை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

மகளை எதிர்வீட்டுத் தையல்காரரின் பையனுக்குக் கட்டிக் கொடுத்தபோது, "என் பொண்ணு கூப்பிடு தூரத்துல இருக்கா" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். யார் கண் பட்டதோ, மறு வருஷமே தெரு நடுவில் மேம்பாலம் வந்து இறங்கியது. அந்தச் சரிவுக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். எதிர்வீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்து, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, ஊரையே சுற்ற வேண்டியதாயிற்று.

இவர் லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பேத்தி பட்டாணிதான் (ஆள் அவ்வளவு உருண்டை) இந்தப் பக்கம் வருவதில்லை. ஒரே ஒரு தடவை வந்தபோது வழியெல்லாம் வாந்தி. அதோடு சரி. "குழந்தைக்கு ஒத்துக்கலை சம்பந்தி" என்று தையல்காரர் கையை விரித்துவிட்டார். அவளுக்காகக் கூடத்தில் மாட்டிய சின்ன ஊஞ்சலில் பூனை படுத்துத் தூங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மில்லுக்காரருக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம், அழுமூஞ்சியாக நிற்கிற அந்தச் சுவர்களில் படம் வரையலாம் என்று இரண்டு பக்கத்து ஜனங்களும் கூடினார்கள். வரைவதற்கு ஓவியம் படித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். மீன் என்றார் ஒருவர், பூந்தொட்டி என்றார் இன்னொருவர். மில்லுக்காரர் எழுந்தார்.

"யானை! இந்தச் சுவத்துல புகுந்து அந்தச் சுவத்துல வெளியே வர்ற மாதிரி ஒரே யானை!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போகணும் சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நம்ம பக்கத்துலேர்ந்து அங்கே போகட்டும்மா. பொண்ணு குடுத்த இடம். நாமதான் அனுப்பி வைக்கணும்."

தலை அங்கே போனால் இங்கே என்ன மிஞ்சும் என்று அவர் யோசிக்கவில்லை. படம் முடிந்து மறைப்புத் துணியை அவிழ்த்த காலையில், மில் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே சுவர் முழுக்க, சுருக்கம் சுருக்கமாக, அசலாக, யானையின் பின்பக்கம். வால் அவருடைய கல்லாவுக்கு நேரே தொங்கியது.

"யானை போயும் வால் போகலைன்னு சொல்வாங்களே, அது இதுதானா?" என்றாள் மனைவி.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. மிளகாய் அரைக்க வருகிறவர்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சிரித்தார்கள். போதாக்குறைக்குத் தையல்காரர் போன் செய்தார்.

"கண்ணு என்ன அழகு சம்பந்தி! தும்பிக்கை எங்க கடை வாசல் வரைக்கும் நீளுது. உங்க பக்கம் எப்படி?"

"எங்க பக்கம் நல்ல காத்தோட்டமா இருக்கு!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

அன்றிலிருந்து ஓவியப் பெண்ணை அவர் விடவில்லை. இங்கேயும் ஒரு தலை போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ரெண்டு பக்கமும் தலைன்னா அது எங்கே சார் போகும்?"

"போக வேணாம்மா. நின்னு ரெண்டு பக்கத்தையும் பாக்கட்டும்."

தொல்லை தாங்காமல் அவள் ஒரு நாள் ஏணியும் வெள்ளைப் பெயிண்ட் வாளியுமாக வந்து சேர்ந்தாள். ஏணியில் ஏறித் தூரிகையை முக்கி எடுத்த நேரம், ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் குதித்தது பட்டாணி. பின்னாலேயே மூச்சிரைக்கத் தையல்காரர்.

"ரெண்டு நாளா ஒரே அழுகை சம்பந்தி. 'மீதி யானை எங்கே, மீதி யானை எங்கே'ன்னு உயிரை வாங்கிட்டா. வழியில ஒரு ஏப்பம்கூட விடலை."

பட்டாணி நேரே ஓடிப்போய் யானையின் பின்னங்காலைக் கட்டிக்கொண்டாள். வாலை அண்ணாந்து பார்த்து, "இங்கேதான் இருக்கு!" என்று கூவினாள். மில்லுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் ஒரே பாய்ச்சலில் ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கைகளையும் விரித்து, யானையின் பின்பக்கத்துக்காக நெஞ்சைக் காட்டி நின்றார்.

"ஒரு சொட்டு வெள்ளை மேல பட்டுச்சு, நடக்கிறதே வேற!"

"நீங்கதானே சார்..." என்று ஆரம்பித்த ஓவியப் பெண் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினாள்.

பட்டாணி வாலுக்குக் கீழே ரொம்ப நேரம் ஆராய்ந்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இது ஆய் போகுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறப்பதற்கு முன்னால் மில்லுக்காரர் யோசித்தார்.

"போகும் தங்கம். இன்னைக்கு இல்லை, நாளைக்கு. நாளைக்கு வந்து பாரு."

"நாளைக்கு வரணும்!" என்று பட்டாணி தையல்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பிறகு பாட்டியோடு வீட்டுக்குள் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பூனை வெளியே ஓடி வந்தது.

மில்லுக்காரர் ஓவியப் பெண்ணின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "பழுப்புக் கலர் இருக்காம்மா? காலையில சுவத்தடியில ஒரு குவியல் போட்டுடு."

தெரு முழுக்கக் கேட்டது. சைக்கிள் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் காற்றடிக்கிற பம்பைக் கீழே போட்டுவிட்டார். தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தியின் பக்கத்தில் வந்து, அவர் புருவத்து மாவைத் தட்டிவிட்டு, நிஜமாகவே ரகசியமாகச் சொன்னார்:

"ஒரேயடியா போட்டுடாதீங்க சம்பந்தி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா."