ஷாலினி இறங்காத முதல் டிரிப்

கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடங்கள் திறந்த முதல் நாள். பெங்களூரு அடுகோடியில் முதல் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, பழக்க தோஷத்தில் "தக்காளி, வெங்காயம்!" என்று கூவிவிட்டேன். நான் ஸ்கூல் வேன் டிரைவர். லாக்டவுனில் அதே வேனில் காய்கறி விற்றுத்தான் பிழைத்தேன். மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. பையும் பையனும் பிறகுதான் இறங்கினார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் டிரிப்

காலையில் நமக்கு இரண்டு டிரிப். முதலில் பெரிய கிளாஸ் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் எல்கேஜி, யூகேஜி. கேட்டில் அதிக நேரம் நிற்க முடியாது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

அன்றைக்கு எல்லோரும் இறங்கிய பிறகும் கடைசி சீட்டில் ஷாலினி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது. கொரோனாவுக்கு முன்னால் வேனையே ரகளை பண்ணிய பெண். இப்போது கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னாமா, எறங்கலையா? டீச்சர இங்கயே வரச் சொல்லட்டா?"

கண்ணில் தண்ணீர். எனக்குக் குப்பென்று வேர்த்தது. பதறினால் என் கை போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஹாரன். நீளமாக அடித்தேன். அது எந்த வியாதிக்கு மருந்து என்று எனக்கு இன்று வரை தெரியாது.

கேட்டில் நின்ற மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பி வேனைப் பார்த்தது. ஷாலினி சீட்டுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். வண்டியை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"ஏன்ரீ, மூவ் மாடி, மூவ் மாடி!"

அவளோடு வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில் அவளே பேசினாள். "ஆன்லைன் கிளாஸ்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டேதான் அங்கிள் இருந்தேன். ஸ்க்ரீன்ல எல்லாருக்கும் நான் வெறும் 'எஸ்' எழுத்துதான். இப்போ போய் எப்படி அவங்க முன்னாடி நிக்கிறது?"

அவளை வீட்டில் விட்டேன். அந்த வாரம் முழுக்க இதே கதை. அவள் அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "வூட்லயும் கதவ சாத்திக்கினே கெடக்கிறாண்ணா. சோறும் உள்ளயேதான். இப்டியே வரலன்னா பேர எடுத்துருவோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. நீங்கதான் தமாஷ் பண்றவராச்சே, எப்டினா அவள உள்ள அனுப்புங்கண்ணா."

என்னிடம் இருந்த ஜோக்கெல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டாவது டிரிப்

அம்மா பேசிய மறுநாளும் அவள் இறங்கவில்லை. "வீட்டுக்கு வேணாம் அங்கிள், அம்மா அழுவாங்க. ரெண்டாவது டிரிப் முடிச்சிட்டு விடுங்க" என்றாள். சரி என்றேன்.

எல்கேஜி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். பேசக் கற்ற நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள். கேட்டைப் பார்த்ததும் கோரஸாக அழுதார்கள். என் மாஸ்க்தான் பயமுறுத்துகிறது என்று நினைத்து, அதைக் கழற்றி ஒரு சிரிப்புச் சிரித்தேன். முழு முகத்தையும் பார்த்ததும் அழுகை இரண்டு மடங்கானது.

ஆயம்மா ஓடி வந்து ஒவ்வொருவராகத் தூக்கிப் போனார். ஆயிஷா என்ற குட்டி மட்டும் "நக்கோ, நக்கோ!" என்று, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு ஷாலினியின் துப்பட்டாவைப் பிடித்துத் தொங்கியது. ஷாலினி என்னைப் பார்த்தாள். என் கை ஹாரனை நோக்கிக் கிளம்பியது. இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஷாலினி குட்டியின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. அந்த கேட் வரைக்கும் போய்ப் பாப்போமா? புடிக்கலன்னா ஓடியாந்துரலாம்."

பெரிய பிள்ளைகளுக்குப் பெல் அடித்து முடிந்திருந்ததால் கேட்டில் கூட்டம் இல்லை. இரண்டு பேரும் கைகோத்துப் போனார்கள். கேட்டில் நின்றார்கள். யார் யாரை இழுத்தது என்று தெரியவில்லை, உள்ளே போய்விட்டார்கள்.

ஷாலினி திரும்பி வேனைப் பார்த்தாள். நான் பார்ப்பது தெரிந்தால் கூச்சப்படுவாளோ என்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "ஏன்ரீ, கீ பித்தோய்த்தா?"

சாவி அதன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விழுந்துவிட்டதாகத் தலையாட்டினேன். பாவம், மனிதர் மண்டிபோட்டு என்னோடு சேர்ந்து தேடினார். நிமிர்ந்தபோது கேட்டில் யாரும் இல்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளியில் கவுன்சலிங் கொடுக்கும் மேடம் ஒருவர் அவளோடு பொறுமையாகப் பேசி வந்தார். தாமதமாக வரப் பள்ளியிலும் சம்மதித்தார்கள், அதனால் ரொம்ப நாள் இரண்டாவது டிரிப்பில்தான் வந்தாள். சில நாள் அப்போதும் இறங்க மாட்டாள். ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பக் கூட்டிப் போய் வீட்டில் விடுவேன். பிறகு ஒரு காலை, முதல் டிரிப்புக்கே வந்து நின்று, "இன்னா அங்கிள், இன்னிக்குத் தக்காளி இல்லையா?" என்றாள்.

தம்பிகளே, கதவைத் திறந்துவிடுவது நம் வேலை. இறங்குவது அவர்கள் வேலை. நடுவில் இருக்கும் நேரத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால், தொடைக்கு அடியில் வையுங்கள்.