ஒரே கம்பத்தில் இரண்டு வயர்கள்

எங்கள் டொலீனா ஊரின் உடற்பயிற்சிக் கூடத்தை நான்தான் கட்டினேன். செங்கல்லால் அல்ல, பெரோகியால். மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடிய பெரோகி. கூடத்துக்கு நிதி சேர்க்க நான் கிள்ளி விற்றதையெல்லாம் வரிசையாக வைத்தால் வின்னிபெக் நகரம் வரை போகும். சரி, வின்னிபெக் கொஞ்சம் அதிகம்தான். ஊர் எல்லைத் தானியக் கிடங்கு வரை நிச்சயம் போகும். இதை எழுதும்போது, இந்தக் கதையில் வரும் நெட்டி கூடத்து வாசலில் இருக்கும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வரிக்கு வரி எட்டிப் பார்க்கிறாள். ஆகவே இனிமேல் அளந்துதான் அளக்க வேண்டும்.

சொல்ல வந்தது ஸ்டெஃபாவைப் பற்றி.

ஸ்டெஃபா கொவெர்கோ பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஊரில் பாதிப் பேரைச் சிறுவயதில் "உக்காருடா கீழ" என்று அதட்டியவள். ஆறடி உயரம். பனிப்புயலில் சாலையும் வயலும் ஒன்றாகிப்போன நாட்களில், வேலிக் கம்பங்களை மட்டும் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை வீடு சேர்த்திருக்கிறாள். பகலெல்லாம் உட்கார்ந்தே இருந்த முதுகுக்காக மாலையில் சரளைச் சாலையில் ஓட ஆரம்பித்தாள். கூட ஓடியவள் நெட்டி. நெட்டி குட்டை, ஸ்டெஃபாவின் தோளுக்குத்தான் வருவாள். நெட்டி பேசுவாள், ஸ்டெஃபா கேட்பாள். மேற்கிலிருந்து காற்றடித்தால் ஸ்டெஃபா மேற்குப் பக்கமாக மாறிக்கொள்வாள். திரும்பி வரும்போது மறுபடி மாறுவாள். அந்த உயரத்தின் மறைவில் நெட்டியின் தலைமுடி கூடக் கலையாது. இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

போன வருஷக் குளிரில் பனிக்கட்டியில் சறுக்கி நெட்டிக்கு முழங்கை உடைந்தது. இந்த வருஷம் இலை உதிர ஆரம்பித்ததுமே அவள் சொல்லிவிட்டாள்.

"இந்தக் குளிருக்கு நான் ஜிம்முல சேரப்போறேன். நீயும் வாடி."

"கூண்டுல எலி சக்கரம் சுத்துற மாதிரியா? எனக்கு வேண்டாம்பா."

"அப்ப இந்த எலி ஜிம்முல சேர்ந்துக்கும். நீ வெளியில நில்லு."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் ஸ்டெஃபா நினைத்தாள். நெட்டி சேர்ந்தேவிட்டாள். ஸ்டெஃபா தனியாக ஓடினாள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், மறைத்துக்கொடுக்கப் பக்கத்தில் நெட்டி இல்லை.

செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, ஊருக்கெல்லாம் டீச்சரான நான். பால் வாங்கப் போன இடத்தில் ஸ்டெஃபாவைப் பார்த்தேன்.

"உன் நெட்டிக்கு நல்ல ஜோடி அமைஞ்சிருக்கு, தெரியுமா? முதியோர் இல்லத்துல புதுசா வந்திருக்கிற நர்ஸ், மரிவிக். பிலிப்பைன்ஸ்காரப் பொண்ணு. ஓடினா மான்தான்."

மான் என் சொந்தச் சரக்கு.

"யாரு யாரோட ஓடினா எனக்கென்ன டீச்சர்?" என்றாள். பாலை வாங்காமலே போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் கூடத்தைத் திறக்க நான் போனபோது ஸ்டெஃபா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இமையெல்லாம் உறைபனி படிந்து வெள்ளை.

"முதுகு வலிக்குது. அதுக்குத்தான் சேர்றேன். வேற ஒண்ணுமில்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

எங்கள் ஓடுபாதை ஐஸ் ஹாக்கித் திடலுக்கு மேலே, மாடியில் வளையமாகச் சுற்றி வரும். குறுகல். இரண்டு பேருக்கு மேல் பக்கம்பக்கமாக ஓடக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. ஆகவே நெட்டியும் மரிவிக்கும் முன்னால் ஓடினார்கள். ஸ்டெஃபா பின்னால். அவள் கண்ணுக்கு எதிரே இரண்டு குதிரைவால் கொண்டைகள், ஒன்று நரை, ஒன்று கறுப்பு, ஒரே தாளத்தில் ஆடின. இரண்டு தலையிலும் நீலக் கம்பளிப் பட்டை. நெட்டி பின்னியது. அதே நீலத்தில் ஒன்று ஸ்டெஃபாவின் தலையிலும் இருந்தது. அன்றே அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். இனி தொப்பிதான்.

நெட்டி திரும்பிப் பார்த்து, "முன்னால வாயேன்டி" என்பாள். மரிவிக் உடனே ஒதுங்கி, "நீங்க வாங்க அக்கா, நான் பின்னால வரேன்" என்பாள்.

"வேண்டாம்மா. பின்னால நல்லா விசாலமா இருக்கு."

அப்புறம் என் மேசைக்கு வந்து பொருமுவாள். "பார்த்தீங்களா டீச்சர்? என் இடத்தை எனக்கே தானம் பண்றா!"

அவளை உறுத்திய இன்னொன்று உண்டு, அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாடியில் காற்றே இல்லை. காற்றில்லாத இடத்தில் உயரமானவளால் நெட்டிக்கு என்ன பிரயோசனம்? போதாக்குறைக்கு, எப்போதும் ஸ்டெஃபாவின் வண்டியில் ஏறும் நெட்டி இப்போது மரிவிக்கின் சின்னச் சிவப்புக் காரில் வந்து இறங்கினாள். ஒரே தெருவாம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. காலையில் ஓட்டம், அது முடிந்ததும் கீழே சமையலறையில் சாயங்காலம் வரை பெரோகி கிள்ளுவது என்று ஏற்பாடு. அப்படிப்பட்ட நாளில் வண்டியின் வயரை, நிறுத்துமிடத்தில் இருக்கும் மின்சாரக் கம்பத்தில் செருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால், மாலையில் அது பாறாங்கல். கம்பத்துக்கு இரண்டு பிளக். ஸ்டெஃபா வந்தபோது சிவப்புக் கார் முன்பே நின்றிருந்தது. அதன் பக்கத்திலேயே தன் வண்டியை நிறுத்தி, அதே கம்பத்தில் தன் வயரையும் செருகினாள். கொஞ்ச நேரம் நின்றாள். சிவப்புக் கார் கிளம்பாமல் போனால் நெட்டி யார் வண்டியில் ஏறுவாள்?

வெடுக்கென்று ஒரு வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அன்றைக்கு அவள் ஓடியதைப் பார்க்க வேண்டுமே! கீழே ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஓட்டம் முடிந்து எல்லோரும் மாவில் கை வைத்த பிறகுதான் நெட்டி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஏப்ரனைக் காரில் மறந்துவிட்டாளாம்.

மரிவிக் பெரோகியின் ஓரத்தைக் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கி மூடினாள். அவர்கள் ஊர்ப் பலகாரத்துக்கு அப்படித்தானாம்.

"இங்க பாருங்களேன், என்ன அழகு!" என்றாள் நெட்டி.

"வெந்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றாள் ஸ்டெஃபா.

சாயங்காலம் வெளியே வந்தோம். மரிவிக் சாவியைத் திருப்பினாள். சிவப்புக் கார் பூனைபோல் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஸ்டெஃபா திகைத்துப்போய்த் தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரே ஒரு முனகல். கம்பத்தடியில் பனியில் கிடந்தது அவளுடைய வயர்.

பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் நின்றார்கள். காற்று சுழன்று அடித்தது. ஸ்டெஃபா தன்னை அறியாமலே நகர்ந்து காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றாள். அந்த மறைவில் நெட்டி ஒண்டினாள். அவளை ஒட்டி மரிவிக்கும்.

"எங்க வண்டியில ஏறுங்க அக்கா" என்றாள் மரிவிக்.

வேறு வழி? நெட்டி பின்னால் ஏறிக்கொண்டு ஸ்டெஃபாவை முன்னால் உட்காரவைத்தாள். அந்தச் சின்னக் காரில் ஸ்டெஃபாவின் முழங்கால் மோவாயைத் தொட்டது. பாதி வழியில் மரிவிக்தான் ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? ஓடும்போதெல்லாம் இவங்க உங்க கதையைத்தான் சொல்றாங்க. பனிப்புயல், பஸ்ஸு, வேலிக் கம்பம். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறாமையே வந்துடுச்சு. எனக்கு அப்படி ஒருத்தி இங்க இல்லையேன்னு."

ஸ்டெஃபாவின் வீடு வந்தது. இறங்கும்போது, "திங்கக்கிழமை முன்னால நான்தான்" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

இப்போது முறை வைத்து ஓடுகிறார்கள். நீலப் பட்டை மூன்று தலையிலும் இருக்கிறது. ஆனால் பின்னால் ஓடும் முறை வந்தால் ஸ்டெஃபாவின் முகத்தைப் பார்க்கவே கூடாது.

ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் தன் வயரைத் தானே பிடுங்கிக்கொண்டாள் என்று ஊரே சிரிக்கிறது. "எது யாரோடதுன்னு பார்க்கலை டீச்சர்" என்று ஸ்டெஃபாவே ஒத்துக்கொள்கிறாள்.

"அங்க நிறுத்துங்க டீச்சர்" என்கிறாள் எதிரே இருக்கும் நெட்டி. "அவ சரியாத்தான் பிடுங்கினா. மரிவிக்கோட வயரைத்தான். மாடி ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறமா இறங்கிப் போய் அதைச் செருகிட்டு, அவ வயரைப் பிடுங்கிப் போட்டது நான். இல்லன்னா அந்த மகராசி எங்க வண்டியில ஏறியிருப்பாளா?"