நாய்ப் புத்தகம் கேட்டவர்

எங்கள் சங்கரன்கோவில் நூலகத்தின் சேவைத் தரத்தை அளக்க ஒருவர் வருவார் என்று தகவல் வந்திருந்தது. யார், எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. வாசகர் மாதிரி வந்து ஒரு கேள்வி கேட்பார். நூலகர் பதில் சொல்லும் அழகைப் பார்த்து மதிப்பெண் போடுவார். பெண் பார்க்க வருகிறவர்களாவது சொல்லிவிட்டு வருவார்கள்.

வந்தவரை, வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். "தென்னையில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் முறைகள் குறித்து நூல்கள் உள்ளனவா?" என்றார். தென்னை வைத்திருப்பவர் இப்படிக் கேட்கமாட்டார். "ஓலையெல்லாம் பிசுபிசுங்குது, கருத்துப் போய்க் கெடக்கு" என்று புலம்புவார். அந்தப் புலம்பலிலிருந்து கேள்வியைப் பிடுங்குவதுதான் என் வேலை. ஆனாலும் மதிப்பெண் ஆசை யாரை விட்டது? வேளாண்மை அடுக்குக்கு வேகமாக நடந்தேன்.

வழியில் இன்னொருவர் மறித்தார். குருவிகுளம் பக்கத்துக்காரராம்.

"நாயைப் பத்திப் புஸ்தகம் ஏதும் இருக்காம்மா?"

"எதுக்கு அண்ணாச்சி, நாய் வளக்கப் போறியளா?"

"இல்ல, வெறி புடிச்ச நாய்னா எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு பாக்கணும்."

வேளாண்மை அடுக்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "யாரையும் கடிச்சுட்டுதா?"

"மகளை. லேசாப் பல்லு பட்டிருக்கு. பக்கத்து வீட்டு நாய்தான். வீட்டு நாய்க்கெல்லாம் ஊசி வேண்டாம்னு சொல்லுதாங்க. மஞ்சப்பொடி வச்சுக் கட்டியிருக்கோம். எதுக்கும் புஸ்தகத்துல பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

"புஸ்தகம் வேண்டாம் அண்ணாச்சி. வீட்டு நாய்னாலும் ஊசி போடணும். கட்டைப் பிரிச்சு, சோப்புப் போட்டு, ஓடுத தண்ணியில நல்லாக் கழுவுங்க. இன்னைக்கே இங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். புத்தகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அரைமனதாகத்தான் வெளியேறினார்.

தென்னைக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இப்போது வேஷத்தைக் கலைத்துவிட்டார். "அவருக்கு ஒரு புத்தகம்கூடத் தரலையே மேடம். என் கணக்குல இது பதில் கிடைக்காத கேள்வியாத்தான் வரும். என் கேள்வியையும் பாதியில விட்டுட்டீங்க."

"தாராளமாப் போட்டுக்கோங்க சார். உங்களுக்குத் தென்னை இல்ல. அவருக்கு மகள் இருக்கு" என்றேன். நல்ல கோபம் எனக்கு.

அவர் போனபின் கோபம் வடிந்து பயம் வந்தது. மதிப்பெண் போட வந்தவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதில் கிடைத்ததா இல்லையா என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் சொன்னதைக் கேட்டு அண்ணாச்சி மகளைக் கூட்டிவர ஓடினாரா, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டாரா? வெறிநோய் வந்துவிட்டால் அப்புறம் வைத்தியமே இல்லை. ஊர்ப் பெயரையோ போன் நம்பரையோ வாங்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாசலைத் தாண்டிப் போகிற வாசகர் என்ன ஆகிறார் என்பது எந்த நூலகருக்கும் தெரிவதில்லை. அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

மறுநாள் காலை நூலகம் திறக்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போடும் அறையில் நர்ஸ் மட்டும் இருந்தார். குருவிகுளம் பக்கத்திலிருந்து நாய் கடித்த பிள்ளை எதுவும் வந்ததா என்று கேட்டேன்.

"நேத்துச் சாயங்காலமே அப்பா கூட்டிட்டு வந்தாரே. முத ஊசி போட்டாச்சு. அடுத்ததுக்கு என்னைக்கு வரணும்னும் சொல்லி அனுப்பியிருக்கோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்?"

"லைப்ரரியன்" என்றேன்.