கண்டக்டரின் நன்மை

என் அக்கா கணவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். "முன்னாடி போங்க" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் பின்னால் வரும் பஸ்ஸிலும் ஆட்கள் நகர்வார்கள். சர்ச்சிலும் அதே தொண்டைதான். பாடகர் குழு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளி உட்கார வைத்தது. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரலும் போயிற்று, விழுங்கவும் முடியவில்லை. வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அதற்கெல்லாம் மாமா அசரவில்லை. "இனி உங்கக்கா சமையலக் குறை சொல்ல வழியில்ல" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

அவரை உடைத்தது நன்மைதான். பூசையில் குருவானவர் கையால் வாங்கும் அப்பத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு ஞாயிறும் விடாமல் வாங்கியவர், எட்டு மாதமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு வேறு. ஒருநாள், "கடவுளுக்கு நான் வேண்டாம் போல" என்று எழுதினார்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். உத்தரவையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு ஃபாதரிடம் போனாள்.

"இத்தன மாசமா ஏம்மா சொல்லல? அப்பம் முடியலன்னா திராட்சை ரசம் இருக்கே. நாக்குல ஒரு சொட்டு போதும். டாக்டர ஒரு வார்த்த கேட்டுடுங்க" என்றார் அவர்.

டாக்டர் சிரித்தார். "வாய் துடைக்கிற பஞ்சுலயே அதவிட ஈரம் இருக்கும்மா. குடுங்க."

ஞாயிறன்று ஃபாதர் சின்னக் கரண்டியோடு கடைசி பெஞ்சுக்கே வந்தார். மாமா வாயைத் திறக்கவில்லை. சிலேட்டை எடுத்து எழுதினார்: "ஒரு சொட்டுன்னா அரை டிக்கெட்தானே?"

பூசை நடுவே ஃபாதருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"இதுல அரை டிக்கெட்டே கெடையாது கண்டக்டர். ஒரு சொட்டுலயும் கடவுள் முழுசா இருக்காரு."

மாமா வாயைத் திறந்தார். சொட்டு நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாதமாகத் தூக்கியே இருந்த அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

எல்லோரும் எழுந்து போன பின் சிலேட்டில் எழுதி அக்காவிடம் நீட்டினார்: "இத்தன நாளும் இந்த பெஞ்சுலதான் அவரு என் பக்கத்துல உக்காந்திருக்காரு. நான்தான் திரும்பிப் பாக்கல."

வீடு வரும்வரை அக்கா அதை அழிக்க விடவில்லை.